எஞ்சின் ஆறுகிற இடம்

எங்கள் குடும்பத்தில் வெயிலுக்குப் பயந்தவர்கள் யார் யார் என்று வரிசைப்படுத்தினால் பெரியப்பாவின் பெயர் கடைசியில்கூட வராது. சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில், தேங்காய் உரிக்கிற களத்தில், தலையில் துண்டுகூடப் போடாமல் நிற்கிற ஆள் அவர். ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கினால், "ஏனப்பா, வெயிலு உங்கள மட்டும் தேடிட்டு வருதா?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "காருக்குள்ள வெயிலு தாங்க முடியல. கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டோணும்" என்றார்.

பெரியம்மா சட்னியை ஊற்றிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். என் அப்பா மட்டும், "உங்களுக்கு வெயிலுங்களா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். "ஏன், எனக்கு அடிக்காதா?" என்றார் பெரியப்பா. பேச்சு அதோடு முடிந்தது. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அதை மரியாதை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். இப்போது யோசித்தால் எனக்கு அதற்கு வேறு பெயர்கள் தோன்றுகின்றன.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்களுக்கு இரண்டு வீடுகள், இரண்டுக்கும் ஒரே வாசல். ஒரு வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும். இன்னொன்றில் அப்பா, அம்மா, நான். அந்த வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும் ஏன் தனியாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்றெல்லாம் நான் கேட்டதே இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழந்தை நான்தான், அந்தப் பதவியை விட்டுக்கொடுக்க எனக்கு எந்த அவசரமும் இல்லை.

பிலிம் பேச்சு வந்த அதே வாரத்தில் பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். "அம்மணிய பீளமேட்டுல அபாகஸ் கிளாசுல சேத்து உடலாம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்." என் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிணத்துக்கடவிலேயே, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே, ஒரு டீச்சர் அபாகஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அத்தனை தூரம் டவுனுக்குப் போய் மணிகளைத் தள்ளக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு எனக்குக் கணக்கில் மூளையும் கிடையாது. ஆனால் காரில் போகலாமே. நான் ஒரே துள்ளு.

பிலிம் கடை சுந்தராபுரம் தாண்டி மெயின் ரோட்டிலேயே இருந்தது. பெரியப்பா என்னைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். கடைக்காரர் சுருள் சுருளாகப் பிலிம்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் விரித்துக் கண்ணாடிமேல் பிடித்தார். "அம்மணி, நாக்கத் துருத்து" என்றார் பெரியப்பா. துருத்தினேன். "தெரியுது. அடுத்தது." அடுத்ததிலும் துருத்தினேன். அதிலும் தெரிந்துவிட்டது.

கடைக்காரர் பொறுமைசாலிதான். ஆனாலும் கேட்டுவிட்டார். "என்னுங்க, வெயிலுக்கு மொதல்ல காட்டுனதே போதுமுங்களே. எதுக்குங்க இத்தன கறுப்பு?"

"வெளிய நிக்கறவங்களுக்கு உள்ள யாரு இருக்கறாங்கன்னே தெரியப்படாது."

"உள்ள இருந்து பாத்தா?"

"அது நல்லாத் தெரியோணும்" என்றார் பெரியப்பா.

கடைசிச் சுருளுக்கு வந்தபோது நான் நாக்கோடு நிறுத்தவில்லை. இமையைப் பிதுக்கினேன், மூக்கை அமுக்கினேன், பன்றி மாதிரி உறுமிக்கூடப் பார்த்தேன். பெரியப்பா இரண்டு கைகளையும் கண்ணுக்கு மறைப்பாக வைத்து, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய மூக்கு நுனி எனக்கு முன்னால் தட்டையாகி நின்றது. "நாக்கத் துருத்தீட்டியா?" என்று கத்தினார். "எப்பவோ துருத்தீட்டனுங்க!" என்று நானும் கத்தினேன். "இதையே ஒட்டிப்போடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

ஒட்டுகிற வேலை பார்க்க நன்றாக இருந்தது. கண்ணாடியின் உட்பக்கத்தில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, பிலிமின் முதுகிலிருந்த மெல்லிய தாளை உரித்து, ஈரத்தோடு வைத்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துக்கொண்டே போனார். நீர்க்குமிழ்கள் ஓரத்துக்கு ஓடி மறைந்தன. முன் கண்ணாடிக்கு ஒட்டினால் ஓட்டவே முடியாது என்று அதை விட்டுவிட்டார். பின் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'அங்காளம்மன் துணை' என்று எங்கள் குலதெய்வத்தின் பெயர் இருந்தது. "கறுப்புக்கு மேல இது இன்னும் பளிச்சுனு தெரியுமுங்க, சொரண்டீரலாமுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். பெரியப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். சாமி பேரைச் சுரண்டுவதாவது. அது அப்படியே இருந்தது. "ஈரம் காயற வரைக்கும் நாலு நாளைக்குக் கண்ணாடிய எறக்கீராதீங்க" என்று சொல்லிக் கடைக்காரர் அனுப்பினார். அதன் பிறகும் மாதக்கணக்கில் பெரியப்பா அந்தக் கண்ணாடிகளை இறக்கவே இல்லை.

சனிக்கிழமை வகுப்பு மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போக மாட்டோம். பீளமேட்டிலேயே இரண்டு திருப்பம் தள்ளி ஒரு சந்துக்குள் நுழைந்து, ஒரு புங்கமரத்தடியில் பெரியப்பா வண்டியை நிறுத்துவார். எதிர்ப்பக்கம் மூன்று மாடி வைத்த ஒரு குடியிருப்பு, அதற்கு ஒரு நீலநிற கேட். "எஞ்சினு சூடாயிருச்சு. சித்த நேரம் ஆறட்டும்" என்பார். எங்கள் காரின் எஞ்சின் வாரம் தவறாமல் அதே இடத்துக்கு வந்ததும்தான் சூடாகும். நானும் எஞ்சின் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. முன் கண்ணாடியில் கறுப்பு இல்லை அல்லவா, அதனால் பெரியப்பா பின்சீட்டுக்கு வர வேண்டும். கதவைத் திறந்து இறங்கி வருகிற ஆளில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே இருக்கிற இடுக்கு வழியாக, கியர் கம்பிக்கு மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மூச்சு வாங்க வாங்க ஏறி வருவார். தென்னை மரம் மாதிரி உயரமும் அதற்கேற்ற அகலமுமான மனிதர். ஒருதடவை வேட்டி கியரில் மாட்டிக்கொள்ள, நிலை தடுமாறிப் பின்பக்கமாகச் சாய்ந்து ஹாரனிலேயே உட்கார்ந்துவிட்டார். சந்தே அதிரும்படி அது அலறியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பாதி இங்கே பாதி அங்கே என்று இடுக்கிலேயே குனிந்து, மூச்சுக்கூட விடாமல் கிடந்தார்.

"ஏனுங்க பெரியப்பா, கதவத் தொறந்து எறங்கி வரலாமுங்களே?" என்று கேட்டேன்.

"வெயிலு கண்ணு" என்றார், புங்கமரத்து நிழலில்.

கொஞ்ச நேரத்தில் நீல கேட்டைத் திறந்துகொண்டு ஒரு அக்கா வருவாள். இடுப்பில் ஒரு பாப்பா, கையில் தயிர்சாதக் கிண்ணம். கேட்டுக்கு வெளியே நின்று, காக்காயைக் காட்டி, போகிற வருகிற வண்டியைக் காட்டி ஊட்டுவாள். பெரியப்பா கண்ணாடிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். நான் அந்தப் பக்கம் அதிகம் கவனிக்கவில்லை. எனக்கு வேறு சோலி இருந்தது. சந்தில் நடந்து போகிறவர்கள் எங்கள் கறுப்புக் கண்ணாடியில் தலை சீவிக்கொள்வார்கள், மீசையைத் தடவிக்கொள்வார்கள், அவர்கள் முகத்துக்கு நேரே நான் அழகு காட்டுவேன். உலகத்தில் இதைவிட நல்ல விளையாட்டு எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த அக்கா என் பெரியப்பாவின் மகள். எனக்கு நடை பழகுகிற வயதிருக்கும்போது வீட்டை விட்டுப் போனவள். பீளமேட்டில் எஞ்சினியரிங் படித்தாள், உடன் படித்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் சாதி இல்லை. எந்தச் சாதிக்காரர்களுக்கு எங்கள் களத்தில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தோமோ அந்தச் சாதி. விஷயம் தெரிந்ததும் பெரியப்பா பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு கொடுமுடிக்குப் போனார். செத்தவர்களுக்குச் செய்வதையெல்லாம் உயிரோடு இருக்கிற மகளுக்குச் செய்து, காவிரியில் தலை முழுகிவிட்டு வந்தார். ஈர வேட்டியோடு நின்று பங்காளிகள் முன்னால், "இனி என்ற மூஞ்சிய அவ பாக்கப்படாது" என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்த போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன, பேச்சிலிருந்து அவள் பெயரும் போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் அக்காவுக்கு உடனே போய்ச் சேர்ந்தது. அந்த மாதிரிச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்கள் ஒறம்பரை சொந்தங்களில் ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது.

இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. மீதி அக்காவே சொன்னது. கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்ற மகளைப் பார்க்கக் கதவைத் திறந்து இறங்க வேண்டியதுதானே, அதற்குக் கறுப்பு என்ன, அபாகஸ் என்ன, கியர் கம்பியைத் தாண்டுகிற வித்தை என்ன? ஆனால் அவர் வாயால் சொன்ன சொல் பங்காளிகள் முன்னால் சொன்ன சொல். அவளை நான் பார்க்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். சொன்ன அன்றைக்கு அந்த வித்தியாசம் அவருக்கே தெரிந்திருக்காது. பேத்தி பிறந்த சேதி காதில் விழுந்த பிறகுதான் தன் சொல்லையே எடுத்துவைத்து, எங்காவது ஒரு இடைவெளி கிடைக்காதா என்று தேடியிருக்க வேண்டும்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டினாரே தவிர, காரை மாற்ற வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அக்கா கார் ஓட்டிப் பழகியதே அந்தக் காரில்தான். தென்னை மரத்தில் மோதி வலது கதவில் அவள் போட்ட நெளிவுகூட அப்படியே இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த நம்பர், சந்து முனையிலிருந்தே வாசிக்கலாம் போல அங்காளம்மன் பெயர். இத்தனையையும் வைத்துக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாது என்று உள்ளே உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் பாப்பாவுக்குச் சனிக்கிழமை மதியச் சாப்பாடு கேட்டுக்கு வெளியில்தான். பாப்பா தலையைத் திருப்பினால் தாடையைப் பிடித்து மறுபடியும் கார்ப்பக்கமே திருப்பிவைத்து ஊட்டுவாள். ஒருதடவைகூட அவள் காரை நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் வராமல் போய்விடுவார் என்று பயந்தாளாம்.

பெரியம்மா ஒருநாளும் எங்களோடு வரவில்லை. எங்கே நிறுத்தினீர்கள் என்று பெரியப்பாவைக் கேட்கவும் இல்லை. சாயங்காலம் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னும்போது, "ரோட்டுல யாரு யாரப் பாத்தே கண்ணு?" என்று ஆரம்பிப்பார். நான் ஐஸ் வண்டிக்காரரிலிருந்து தொடங்குவேன். கடைசியில், "ஒரு பாப்பா இருக்குதுங்க" என்பேன். பின்னுகிற கை நின்றுவிடும். "பல்லு மொளச்சிருச்சா?" என்று கேட்டார் ஒருமுறை. நான் கவனிக்கவில்லை என்றேன். "அடுத்த வாரம் பாத்துட்டு வா" என்றார். அடுத்த வாரம் பாப்பா அழுதபோது வாய்க்குள் பார்த்து வைத்துக்கொண்டு வந்து, கீழே இரண்டு என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குப் பணியாரம் கிடைத்தது. பெரியம்மாவுக்குக் குழந்தைகள் என்றால் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு பிலிமே இருக்கக் கூடாது என்று டெல்லியில் கோர்ட் உத்தரவு போட்டுவிட்டது. சிக்னலுக்குச் சிக்னல் போலீஸ்காரர்கள் நின்றார்கள். ரோட்டோரமெல்லாம் கிழித்துப் போட்ட பிலிம்கள் பாம்புச்சட்டை மாதிரி சுருண்டு கிடந்தன. அப்பா பெரியப்பாவிடம் தயங்கித் தயங்கி, "நம்மளுதும் எடுத்துப்போடலாமுங்க" என்றார். "பாக்கலாம்" என்று பெரியப்பா சொன்னார். அவர் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். மெயின் ரோட்டை விட்டுவிட்டுச் செட்டிபாளையம் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தோம். எந்தச் சந்தில் போலீஸ் நிற்காது என்பது அவருக்குத் தென்னை வரிசை மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை மாட்டிக்கொண்டோம். என் வகுப்பு முடிந்து, புங்கமரத்துச் சந்துக்குப் போகிற வழியில், அதுவரை யாருமே நின்றிராத ஒரு திருப்பத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, பிலிம எடுக்கோணுமுங்க."

"சாயங்காலம் எடுத்தர்றனுங்க."

"இப்பவே எடுக்கோணுமுங்க."

பெரியப்பா இறங்கினார். தாசில்தாரையே தம்பி என்று கூப்பிடுகிறவர். அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு, "ஒரு மணி நேரம் குடுங்க சார். ஒரே ஒரு மணி நேரம். இங்கதான், பக்கத்துலதான் போறேன். திரும்பி வந்து நானே கிழிச்சுத் தாரேன் சார்" என்றார். சார் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் முடியாது என்று தலையாட்டியதும் பெரியப்பா என்னைக் காட்டி, "கொழந்தைக்கு வெயிலு ஆவாதுங்க சார். ஒடம்புக்கு முடியாத கொழந்தைங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து என்னைப் பார்த்தார். "என்ன கண்ணு பண்ணுது உனக்கு?"

எனக்கு என்ன பண்ணுகிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் பெரியப்பாவுக்கு இப்போது ஏதோ ஒன்று தேவைப்படுகிறது என்று மட்டும் தெரிந்தது. முழங்கையைத் திருப்பி, முந்தின நாள் கொசு கடித்துத் தடித்திருந்த இடத்தைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஐயா, மேல இருந்து சொல்றாங்க, நாங்க என்னுங்க பண்றது" என்று மட்டும் சொன்னார்.

ஒரு போலீஸ்காரர் பிளேடை வைத்து ஓரத்தைக் கிளப்பி இழுத்தார். கறுப்பு வார் வாராக வந்தது. கண்ணாடியில் பசை மட்டும் வெள்ளை வெள்ளையாக இழுபட்டு நின்றது. அவர் எப்போதும் ஒட்டி உட்காருகிற பின்பக்கத்து வலது கண்ணாடிக்கு வந்தபோது பெரியப்பா, "இத நானே எடுக்கறனுங்க" என்று பிளேடை வாங்கிக்கொண்டார். கிழியாமல் எடுத்துவிட்டால் எங்காவது மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நகத்தால் மெதுவாக மெதுவாக உரித்தார். பாதியில் அதுவும் கிழிந்துவிட்டது. அபராதத்தைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வண்டிக்குள் அவ்வளவு வெளிச்சம்.

சந்துக்குள் நுழையாமல் முனையிலேயே ஒரு பால் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"பெரியப்பா, எஞ்சினு ஆற வேண்டாமுங்களா?" என்றேன்.

"அம்மணி," என்றார். "நீ எறங்கிப் போயி, அந்த நீல கேட்டுகிட்ட ஒரு அக்கா கொழந்தைய வெச்சுட்டு நிக்குதான்னு பாத்துட்டு வா. பேச வேண்டாம். பாத்துட்டு மட்டும் வா."

போனேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தில் தயிர்சாதம் தொடாமல் இருந்தது. புங்கமரத்தடியில் வண்டி நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் வேகமாக எதிரே வந்தாள். முகச் சாயலை வைத்தே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"கார் வல்லியா அம்மணி?"

பேச வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? "வந்திருக்குதுங்க. மொனையில நிக்குது. போலீசுக்காரங்க கறுப்பையெல்லாம் கிழிச்சுப்போட்டாங்க. இனி உள்ள இருந்தா எல்லாந் தெரியுமுங்க" என்றேன். பெரிய சேதியைக் கொண்டுவந்த பெருமை எனக்கு.

அக்கா என் கன்னத்தைத் தொட்டாள். "நெம்ப வளந்துட்டே" என்றாள். பெரியவர்கள் எல்லோரும் எல்லாக் குழந்தைகளிடமும் இதைத்தான் சொல்வார்கள் என்பதால் நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சந்து முனையைப் பார்க்கத் திரும்பினாள், பிறகு சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "கார்ல இருக்கறவருகிட்டப் போய்ச் சொல்லு. நான் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கறேன். அவரு மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். பாப்பா தோள்மேல இருக்கும். வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு." ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். "ஓடு சாமி" என்றாள்.

ஓடிப்போய், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பெரியப்பா முன் கண்ணாடி வழியே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "திரும்பி நின்னுக்கறேன்னு அவளே சொன்னாளா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"வேற என்ன சொன்னா?"

"நான் நெம்ப வளந்துட்டனாமா."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வெளிச்சத்தில் அவர் கண் சிவந்திருந்தது நன்றாகத் தெரிந்தது. பசை நாற்றத்தால் இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் கியரைப் போட்டார்.

கார் நடக்கிற வேகத்தில் சந்துக்குள் போய் அதே மரத்தடியில் நின்றது. அக்கா சொன்னபடியே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கிண்ணம், தோளில் பாப்பா. பெரியப்பா இந்தமுறை பின்சீட்டுக்கு ஏறி வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து கண்ணாடியை இறக்கினார். பசைக் கறையோடு கண்ணாடி உள்ளே இறங்கியதும், அவருக்கும் பாப்பாவுக்கும் நடுவில் அந்தச் சின்னச் சந்து மட்டும்தான் இருந்தது. பாப்பா வாயில் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. அவர் விரலைச் சொடுக்கினார். அது யோசித்தது. இன்னொருமுறை சொடுக்கினார். பொக்கென்று சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு அக்காவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவள் திரும்பாமலே பாப்பாவை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள்.

பெரியப்பா வாயைத் திறந்தார். கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்காவின் முதுகு அப்படியே நின்றது. கையிலிருந்த கிண்ணம் மட்டும் சாய்ந்து, தயிர்சாதம் ஓரத்தில் வழிந்து மண்ணில் விழுந்தது. நான் ஒருத்தி வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவள் திரும்பியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வாரத்திலிருந்து அபாகஸ் வகுப்பு நின்றுவிட்டது. எனக்குக் கணக்கு வரவில்லை என்று பெரியப்பா வீட்டில் சொன்னார். அவர் தன் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்த அன்றைக்குத்தான் அக்கா எங்கள் வாசலை மிதித்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை கார் கிளம்பியபோது இதில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் பின்சீட்டில் முழங்கால் போட்டு ஏறிப் பின் கண்ணாடி வழியாகக் கை ஆட்டினேன். பாப்பா என்னையே பார்த்தது. அக்கா சுவரைப் பார்த்தபடியே நின்றாள். கன்னத்தைத் தொட்டுப் பேசினாளே, ஒரு டாட்டா காட்டினால் என்ன என்று இன்னும் வேகமாக ஆட்டினேன். கார் முனை திரும்புகிற வரைக்கும் ஆட்டினேன். அவள் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரொம்பத் திமிர் பிடித்த அக்கா என்று நினைத்துக்கொண்டேன்.